குளித்த தண்ணீர் வாழைக்கு: தோட்டப்புற வீடுகளில் ஒரே தண்ணீரை இரண்டு முறை பயன்படுத்த முழு வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் நம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்தார்கள். கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு இந்தப் பக்கமாக ஓடும் சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆறு நம் வாசலில் ஓடினாலும் குழாய் வறண்டால் நமக்கும் வறட்சிதான். 2014இன் தொடக்கத்தில் மழை பொய்த்து அணையின் நீர்மட்டம் இறங்கியபோது, இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் இல்லை என்று சிலாங்கூரில் வாரக்கணக்கில் பங்கீடு நடந்தது. 2020 செப்டம்பரில் மழை குறையே இல்லை. ராவாங் பக்கம் ஒரு சிற்றாற்றில் கலந்த கழிவின் நாற்றத்தால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. சுமார் 12 லட்சம் குழாய் இணைப்புக் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது.

இப்படி ஒரு தண்ணீர் வெட்டு வந்துபோனதும் பலரும் கூரைமேல் இன்னும் பெரிய தொட்டி வாங்கி வைக்கிறார்கள். வைக்கட்டும், தேவைதான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் பாதிக்கு மேல் குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் கை கழுவிய தண்ணீரும்தான். இதைத்தான் சாம்பல் நீர் என்கிறோம். கழிவறைத் தண்ணீர் இதில் சேராது. கொஞ்சம் சவர்க்காரம், கொஞ்சம் அழுக்கு, மற்றதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீர். அது நேரே லோங்கானுக்கு, அதாவது வீட்டோர வடிகாலுக்குப் போகிறது.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. பொதுக் குழாயில் நேரம் பார்த்துத் தண்ணீர் பிடித்த காலத்தில், குளிக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு வாழைக்கூட்டம் இருக்கும். யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்றாமலே தார் போடும். தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்தபின் பின்புறம் முழுக்க சிமெண்டு போட்டுவிட்டோம், வாழையும் போனது. அந்தப் பழைய பழக்கத்தை இன்றைய வாஷிங் மெஷினுக்கும் பி.வி.சி. பைப்புக்கும் ஏற்றபடி செய்வது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நீரைச் சேர்த்து வைக்கக் கூடாது. அன்றைய தண்ணீர் அன்றைக்கே மண்ணுக்கோ கழிவறைக்கோ போய்விட வேண்டும். இந்த வழிகாட்டியில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். 24 மணி நேரம் தாண்டினால் அதிலுள்ள அழுக்கைத் தின்று கிருமி பெருகும், உயிர்க்காற்று தீர்ந்து முட்டை அழுகிய நாற்றம் வரும். மழை நீரை மாதக்கணக்கில் வைக்கலாம், இதை வைக்க முடியாது.

முதல் படி: மீட்டரைப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் வாசலில் இருக்கும் தண்ணீர் மீட்டரைத் திறந்து பாருங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். சிவப்பு எண்களோ சிவப்பு முள்ளோ அதற்குக் கீழ்ப்பட்ட அளவைக் காட்டும். இரவு படுக்கப் போகும்போது எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கழிவறைத் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்திருக்கும், அல்லது கூரைத் தொட்டியின் மிதவை வால்வு சரியாக மூடாமல் இருக்கும். ஒழுக்கை அடைக்காமல் சாம்பல் நீரைப் பிடிப்பதில் பயனில்லை. ஒரு ரப்பர் மூடிக்கு ஆகும் செலவும் பெரிதல்ல.

பிறகு ஒரு வாரம் முழு நாள் கணக்கை எடுங்கள். மலேசியாவில் ஒருவர் நாளொன்றுக்குப் பயன்படுத்தும் தண்ணீர் சராசரியாக 200 லிட்டருக்கு மேல். ஐந்து பேர் வீட்டில் 1,000 லிட்டர் என்றால் மாதம் 30 கன மீட்டர். சிலாங்கூரில் கட்டணம் படிப்படியாக ஏறும். 20 கன மீட்டரைத் தாண்டினால் ஒரு விலை, 35ஐத் தாண்டினால் அதற்கும் மேல். ஆகவே மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு கன மீட்டரும் பில்லின் விலை கூடிய மேல்முனையிலிருந்துதான் குறையும். பணம் பெரிதாக மிஞ்சும் என்று சொல்ல மாட்டேன், நம் நாட்டில் தண்ணீர் மலிவு. வெட்டு நாளில் கழிவறைக்கு நல்ல தண்ணீரை ஊற்றாமல் இருக்கலாம், வறண்ட மாதத்தில் மரம் காயாமல் நிற்கும். லாபம் அங்கேதான்.

இரண்டாம் படி: எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது

துணி அலசிய தண்ணீர் முதல் தரம். அதிலும் இரண்டாவது, மூன்றாவது அலசல் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். அதற்கடுத்து குளித்த தண்ணீர். கை கழுவும் பேசினிலிருந்து வருவதும் சரி, ஆனால் அளவு குறைவு. ஏர்கோனிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கணக்கில் எடுக்க நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இரவு முழுக்க ஓடும் ஒரு ஏர்கோன் ஒரு வாளித் தண்ணீர்வரை தரும். சவர்க்காரமே இல்லாத தண்ணீர் அது. குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், வீடு துடைக்க அருமை.

அடுப்படித் தண்ணீரில் பாதியை ஏற்கலாம், பாதியை விட வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர், கீரை காய்கறி அலசிய தண்ணீர் இரண்டையும் ஒரு சட்டியில் பிடித்து நேரே கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள். மீன் கழுவிய தண்ணீரை வாழையடியில் குழி பறித்து ஊற்றி மண்ணைத் தள்ளுங்கள். மூடாமல் விட்டால் பூனையும் எலியும் வரும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வேண்டாம். குழம்பு எண்ணெயும் சம்பால் எண்ணெயும் பைப்புக்குள் உறைந்து அடைக்கும், மண்ணின் மேல் ஆடைபோலப் படிந்து தண்ணீரை உள்ளே இறங்கவிடாது.

குழந்தையின் மலத்துணி கழுவிய தண்ணீர் கழிவறைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, தொற்றுக் காய்ச்சல் இருந்தால் அவர் குணமாகும்வரை எல்லாச் சாம்பல் நீரையும் வழக்கமான வழியிலேயே விட்டுவிடுங்கள். தலைச்சாயம் கழுவிய தண்ணீருக்கும், தோட்டத்தில் மருந்தடித்து வந்த உடையைத் துவைத்த தண்ணீருக்கும் இதே விதிதான்.

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு ஒரு தனிக் குறிப்பு. சீயக்காய் செடிக்குக் கெடுதல் செய்யாது. எண்ணெய்தான் ஆறாம் படியில் வரும் டிரம்முக்குள்ளும் வலையிலும் ஒட்டிக்கொண்டு நாறும். அன்றைய தண்ணீரை டிரம்மில் பிடிக்காமல் நேரே விட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: ஒரு வாளியோடு ஆரம்பியுங்கள்

பைப்பை அறுக்கும் முன் இரண்டு வாரம் வாளியிலேயே செய்து பாருங்கள். ஷவரில் குளிப்பவர்கள் காலடியில் அகலமான பேசின் ஒன்றை வையுங்கள். சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் கொட்டும். ஐந்து நிமிடக் குளியலில் பேசின் இரண்டு முறை நிரம்பும். ஹீட்டர் சூடாகும்வரை வீணாக ஓடுவதைத் தனி வாளியில் பிடித்தால் அது சுத்தமான தண்ணீர். துணி துவைக்கவே போடலாம்.

இரண்டு தொட்டி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு நம் அம்மாமார் செய்த வழியே போதும். முதலில் வெள்ளைத் துணியைத் துவைத்து, அதன் கடைசி அலசல் தண்ணீரை வெளியே விடாமல் வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றில் கலர்த் துணிக்கும் கால்மிதிக்கும் அதிலேயே சவர்க்காரம் போடுங்கள். செலவே இல்லாமல் ஒரு நிரப்புத் தண்ணீர் மிச்சம். தானியங்கி மெஷினில் இந்த வசதி இல்லை. துவைப்பது எவ்வளவு எளிதானாலும் தண்ணீர் விஷயத்தில் அந்தப் பழைய மெஷின்தான் நம் கையில் கட்டுப்பாட்டைக் கொடுக்கிறது.

கழிவறைக்கு ஊற்றுவதுதான் வாளித் தண்ணீரின் சிறந்த பயன். ஒருமுறை ஃபிளஷ் செய்ய புதிய தொட்டிகளுக்கு 6 லிட்டர், பழையவற்றுக்கு 9 லிட்டரும் அதற்கு மேலும் ஆகும். ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு 25 முறை என்று வைத்தால் குறைந்தது 150 லிட்டர். குளித்த தண்ணீரே அதற்குப் போதும். இடுப்பு உயரத்திலிருந்து வாளியை ஒரே மூச்சில் கிண்ணத்துக்குள் கவிழுங்கள். மெதுவாக ஊற்றினால் தள்ளாது. ஃபிளஷ் தொட்டிக்குள் ஊற்றவே வேண்டாம். சவர்க்காரக் கசடு ரப்பரில் படிந்து மூடியை ஒழுக வைக்கும், தொட்டியும் நாறும்.

நான்காம் படி: வாஷிங் மெஷினிலிருந்து மரத்துக்கு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு மேல்திறப்பு மெஷின் ஒரு முழுச் சுற்றுக்கு 100 லிட்டருக்கு மேல் வெளியேற்றும், முன்திறப்பு மெஷின் 50 முதல் 70 லிட்டர். தினம் ஒரு சுற்று என்றால் மேல்திறப்பில் மாதம் 3 கன மீட்டர். அதுவும் ஒரே ஹோஸ் வழியாக, ஒரே இடத்தில் வருகிறது. குளியலறைத் தரையை உடைக்காமல் பிடிக்கக்கூடிய பெரிய அளவு இது ஒன்றுதான்.

முதலில் உங்கள் மெஷின் எப்படித் தண்ணீரை வெளியேற்றுகிறது என்று பாருங்கள். இங்கே விற்கும் மேல்திறப்பு மெஷின்களில் பெரும்பாலானவற்றில் பம்ப் இல்லை. அடியில் வால்வு திறக்கும், தண்ணீர் தன் கனத்தில் இறங்கும். அந்த ஹோஸைத் தரையிலிருந்து தூக்கினால் தண்ணீர் திரும்பி உள்ளே நிற்கும், மெஷின் பிழை காட்டி நின்றுவிடும். இப்படிப்பட்ட மெஷினை உறுதியான சிமெண்டுக் கல் மேடைமீது ஒன்றரை அடி உயர்த்தி வைத்தால் பாதி வேலை முடிந்தது. மேடை ஆடக் கூடாது, நான்கு காலும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழியும்போது மெஷின் நடக்கும்.

முன்திறப்பு மெஷினில் பம்ப் உண்டு, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்வரை தள்ளும். இதில் சிக்கல் வேறு. ஹோஸின் வாயை மெஷினைவிடத் தாழ்வாக, காற்றே புகாதபடி பைப்புக்குள் அடைத்துச் செருகினால், துவைக்கும்போதே தண்ணீர் உறிஞ்சப்பட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். மெஷின் திரும்பத் திரும்ப நல்ல தண்ணீரை நிரப்பும். மிச்சம் பிடிக்கப் போய் இரட்டிப்பாகச் செலவழிப்பீர்கள். ஆகவே ஹோஸை இடுப்பளவு உயர்த்தி வளைத்து, அதைவிட அகலமான ஒரு நிமிர்ந்த பைப்பின் வாயில் தொளதொளவென்று விடுங்கள். அங்கிருந்து கீழே போகட்டும்.

அந்தப் பைப்பு ஒன்றரை அங்குல பி.வி.சி.யாக இருந்தால் போதும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு கொடுத்துத் தோட்டத்துக்கு இழுங்கள். வளைவுகளைக் குறையுங்கள். தொலைவு பத்து மீட்டரைத் தாண்டினால் பஞ்சும் நூலும் வழியிலேயே தங்கி அடைக்க ஆரம்பிக்கும்.

ஹோஸ் முனையில் ஒரு பழைய நைலான் காலுறையைக் கட்டுங்கள். நாலைந்து சுற்று துவைத்ததும் அவிழ்த்துப் பாருங்கள். உள்ளங்கை அளவுக்கு சாம்பல் நிறத்தில், பிசைந்த மாவைப் போலக் கொழகொழவென்று ஒரு உருண்டை இருக்கும். அதில் முடி, துண்டின் நூல், பாலியஸ்டர் சட்டையின் இழை எல்லாம் தெரியும். இதுதான் இல்லாவிட்டால் மண்ணின் துளைகளை அடைத்திருக்கும். அதைக் குப்பைப் பைக்குள் போட்டுவிட்டுக் காலுறையைக் கழுவி மறுபடி கட்டுங்கள்.

மணல், கரி, கூழாங்கல் அடுக்கி டிரம்மில் வடிகட்டி செய்யும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. சவர்க்காரத் தண்ணீர் ஓடும் மணல் சில வாரத்தில் அடைபடும். பிறகு அதைக் கொட்டிக் கழுவும் வேலை யார் தலையிலாவது விழும். ஆர்வம் போகும், வடிகட்டியும் போகும். நல்ல மண்ணும் அதன்மேல் கிடக்கும் மக்கும் குப்பையும் செய்யாத எதையும் அந்தக் கரி செய்துவிடாது.

ஐந்தாம் படி: தண்ணீரை வாங்கும் குழி

பைப்பை வெறும் தரையில் விட்டால் சேறுதான் மிஞ்சும். மரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். தண்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஓரடி அகலம், ஓரடி ஆழம். அப்படி ஒரு சுற்று வெட்டினால் ஏறக்குறைய 3 மீட்டர் நீளம் வரும். அதன் கொள்ளளவு 270 லிட்டர். உள்ளே தேங்காய் மட்டை, காய்ந்த கிளை, மரத்தூள் எல்லாம் போட்டு நிரப்பியபின் பாதி இடம் தண்ணீருக்கு மிஞ்சும். ஒரு துவைப்புத் தண்ணீர் அப்படியே அடங்கும் அளவு. பக்கத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை இருக்கிற நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலையைக் கேட்டு வாங்கிப் போடலாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும், மெல்ல மக்கி உரமாகும்.

தண்ணீர் மட்டைக்கு அடியில்தான் விழ வேண்டும், மேலே தெரியக் கூடாது. பைப்பின் முனையை ஒரு கவிழ்த்த பூந்தொட்டிக்குள் விட்டு, அதன்மேல் ஒரு சாண் கனத்துக்கு மட்டையைப் போட்டு மூடினால் கொசுவுக்கு வழியில்லை, பிள்ளைகளின் கையும் படாது. மட்டை மக்கித் தாழ்ந்ததும் மறுபடி நிரப்புங்கள்.

வெட்டும் முன் மண்ணைச் சோதியுங்கள். ஓரடி ஆழக் குழி ஒன்றில் தண்ணீர் ஊற்றி, அது வடிந்தபின் மறுபடி ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு குச்சியில் கோடு போட்டு அளந்து பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் கவலையில்லை. ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லையென்றால் களிமண். ராஜா மூசா காட்டுப் பக்கம் கரிமண் பூமி, மக்கிய செடிகொடி சேர்ந்த சதுப்பு மண். அங்கெல்லாம் தோண்டிய அரை மீட்டரிலேயே ஊற்றுத்தண்ணீர் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் குழி வெட்டாதீர்கள். மண்ணை மேடாகக் குவித்து வாழையை மேலே நட்டு, மேட்டுக்குள்ளேயே வாய்க்கால் வெட்டி அதில் விடுங்கள். கிணறு இருந்தால் குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்கட்டும். வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு சொட்டும் வழியக் கூடாது.

மழைக் காலத்துக்கு ஒரு மாற்று வழி வையுங்கள். நம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அடித்து ஊற்றும். ஏற்கெனவே ஊறிய மண்ணில் இன்னும் 100 லிட்டர் விட்டால் வேர் அழுகும். மூன்று வழி வால்வு வைக்கலாம். ஹோஸைக் கையால் தூக்கி வழக்கமான கழிவுப் பைப்பில் மாட்டுவதும் அதே வேலையைத்தான் செய்யும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், வால்வு அடைக்கும்.

ஆறாம் படி: குளியலறைப் பைப்பு

பழைய வீடுகளில் கழிவறை மட்டும் மலத்தொட்டிக்குப் போகும். குளியலறைத் தண்ணீர் சுவரைத் துளைத்து வெளியே வந்து பின்னால் இருக்கும் லோங்கானில் விழும். உங்கள் வீடு அப்படியென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அந்த வாய்க்கு முழங்கைபோல வளைந்த ஒரு பைப்பு இணைப்பை மாட்டி, வலையும் கட்டி, வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. அந்த லோங்கான் தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது. அதே ஆற்றின் கீழ்க்கரையில், கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் இருக்கின்றன. நம் சவர்க்காரத்தை நம் மண்ணிலேயே வைத்துக்கொள்ள அது எனக்குப் போதுமான காரணம்.

புதிய தாமான்களில் எல்லாக் கழிவும் ஒரே சாக்கடைக் குழாயில் சேர்ந்து தரைக்கடியில் போகும். அதை உடைத்துப் பிரிக்க முயல வேண்டாம். அங்கே வாளியும் வாஷிங் மெஷினும் போதும்.

இடையில் டிரம் வைப்பது கழிவறைக்கு எடுத்து ஊற்ற வசதி. தண்ணீர் ஊற்ற ஊற்ற 200 லிட்டர் நீல டிரம் 200 கிலோ கனம் ஏறும். மேடை அதைத் தாங்க வேண்டும். குழாயை டிரம்மின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்திலும், கசடு இறக்க இன்னொரு குழாயை அடியிலும் வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டே போடுங்கள்.

டிரம்மை எங்கே வாங்கினீர்கள் என்பதை மறக்காமல் விசாரியுங்கள். தோட்டங்களில் களைக்கொல்லி வந்த டிரம் மலிவாகக் கிடைக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது, ஆனாலும் பழைய டிரம்கள் எங்கேயும் உருண்டு கிடக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் அது வீட்டுக்கு ஆகாது. சோயா சாஸ், சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகப் பார்த்து, சீட்டு ஒட்டியிருக்கும்போதே வாங்குங்கள்.

குழாய்த் தண்ணீர் ஹோஸின் முனையை ஒருபோதும் இந்த டிரம்முக்குள் மூழ்க விடாதீர்கள். தண்ணீர் வெட்டின்போது குழாயில் அழுத்தம் விழுந்து, டிரம்மில் உள்ளதை ஹோஸ் உறிஞ்சி வீட்டுக் குழாய்க்கே கொண்டுபோய்விடும். டிரம்மின் மேல் தமிழிலும் மலாயிலும் ‘குடிக்கக் கூடாது’ என்று பெயிண்டில் எழுதுங்கள்.

சவர்க்காரமும் செடியும்

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: “ஏன் தம்பி, சவுக்காரத் தண்ணி ஊத்துனா செடி செத்துப் போயிடாதா?”

“தூளைக் கொறைச்சுப் போடுங்கக்கா, இலையில ஊத்தாதீங்க. வாழைக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன்.

கொஞ்சம் விரித்துச் சொன்னால், கெடுதல் செய்வது நுரையல்ல, உப்பு. சலவைத் தூளில் சோடியம் அதிகம். சோடியம் களிமண்ணை இறுக்கி, தண்ணீர் இறங்காத தட்டாக்கிவிடும். திரவச் சலவை மருந்தில் அது குறைவு. தூள்தான் கட்டுப்படியாகும் என்றால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி போட்டுப் பாருங்கள். அன்றாட அழுக்குக்கு அதுவே போதும். வெளுப்பான், போராக்ஸ், அடைப்பு நீக்கும் காரத்தூள், கிருமிநாசினி இவை கலந்த சுற்றை மண்ணுக்கு விடாதீர்கள். மண்ணின் உயிர்களையே கொன்றுவிடும்.

நமக்கு இரண்டு சாதகங்கள் உண்டு. கரிமண் இயல்பிலேயே புளிப்பு, சவர்க்காரத்தின் காரத்தை ஓரளவு அது சமன்படுத்தும். மற்றொன்று மழை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, சேர்ந்த உப்பைக் கழுவி இறக்கிவிடும். வறண்ட வாரங்கள் தொடர்ந்தால் நீங்களே ஒருநாள் நல்ல தண்ணீர் விடுங்கள். இலையின் ஓரம் பழுப்பாகக் கருகினாலோ மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தாலோ அந்த மரத்துக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுத்து வேறு மரத்துக்குத் திருப்புங்கள்.

வாழை, பப்பாளி, தென்னை, மா, முருங்கை, செம்பருத்தி, மல்லிகை எல்லாம் ஏற்கும். வாழைதான் அடங்காத தாகம் கொண்டது. பச்சையாகத் தின்னும் எதற்கும் வேண்டாம். ஊலாம் இலை, புதினா, கொத்தமல்லி, வெள்ளரி பக்கம் போகாதீர்கள். மரவள்ளி, வேர்க்கடலைபோல மண்ணுக்குள் விளைவதற்கும் வேண்டாம். பூவாளி, தெளிப்பான் எதிலும் இதைப் போடக் கூடாது, தெளிக்கும்போது கிருமி காற்றில் ஏறும். பூச்சாடியில் உப்பு கழுவிப்போக வழி குறைவு, அங்கே ஏர்கோன் தண்ணீரை ஊற்றுங்கள்.

கொசு

முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரைத் தேடும், நாறிய தண்ணீரில் வேறு கொசு வளரும். மூடாத டிரம் இரண்டையும் வளர்க்கும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்க்கலாம், புழு இருந்தால் அபராதம் போடலாம். அபராதத்தைவிடப் பெரியது டெங்கி. எத்தனை வீட்டில் இழவு விழ வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

டிரம்மின் மூடி, நிரம்பி வழியும் பைப்பு இரண்டிலும் கொசு நுழையாத மெல்லிய வலையைக் கட்டுங்கள். வாரம் ஒருநாள், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், டிரம்மை அடிவரை காலி செய்து உட்சுவரை பிரஷால் தேயுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. வாய்க்காலில் தண்ணீர் சில மணி நேரத்துக்கு மேல் கண்ணில் தெரிந்தால் அன்றோடு அதற்குள் விடுவதை நிறுத்துங்கள். எலி ஓடும் இடமென்றால் வாய்க்காலைக் கிளறும்போது பூட்ஸும் கையுறையும் போடுங்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் ஈர மண்ணிலிருந்தும் ஒட்டும்.

தண்ணீர் வெட்டு அறிவிப்பு வந்தால்

குடிக்கவும் சமைக்கவும் வைக்கும் தண்ணீரை முதலில் தனிப் பாத்திரங்களில் பிடித்து மூடுங்கள். அடுத்து, வெட்டு தொடங்கும் முன் கடைசித் துவைப்பை முடித்து அதன் அலசல் தண்ணீரை டிரம்மில் வையுங்கள். முதல் நாள் கழிவறைக்கு அது ஓடும். மறுநாளிலிருந்து பேசினுக்குள் நின்று குளித்து, அந்தத் தண்ணீரை அப்போதைக்கப்போது ஊற்றிக்கொள்ளுங்கள். மழை வந்தால் கூரைத் தண்ணீரைப் பிடியுங்கள். 40 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். மாலை இடிமழை ஒன்றே அவ்வளவு தரும். முதல் சில நிமிடம் கூரையின் தூசியும் பறவை எச்சமும் கழுவி வரும், அதை விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். தண்ணீர் திரும்பியதும் முதலில் வரும் கலங்கலை வாளியில் பிடித்து மரத்துக்கு விடுங்கள், மெஷினில் வெள்ளைத் துணி போட அரை நாள் பொறுங்கள்.

ஊருக்குப் போகும் நாளில் டிரம்மைக் காலி செய்து, கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, மெஷின் ஹோஸைப் பழைய கழிவுப் பைப்பில் மாட்டிவிட்டுப் புறப்படுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வருபவரிடம் எந்தக் குழாய் எதற்கு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுச் சொல்லிவிட்டும் போங்கள்.